உதடு அசையக் கூடாது

தஹ்சீன் பரீட்சையில் காப்பியடித்துப் பிடிபட்டாள் என்ற செய்தியை எங்கள் கட்டடத்துக்கு அறிவித்தவள் முதல் மாடி காமாக்ஷி மாமி. மாமி பொய் சொல்ல மாட்டாள். கிடைத்த உண்மைக்குப் புடவை கட்டி, பூ வைத்து அனுப்புவாள். தண்ணீர் மோட்டார் போடக் கீழே இறங்கியபோது, தஹ்சீனின் புருஷன் ஃபைசான் படிக்கட்டில் நின்று போனில், "கேமராவுல பார்த்துட்டாங்களாம், பாதியில நிறுத்திட்டாங்களாம்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது மாமியின் காதில் விழுந்திருக்கிறது. மேல்தொட்டி நிறைவதற்குள் ஒரு பிட்டும், அந்தப் பிட்டு சுடிதார் கைக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருந்த விதமும் தயாராகிவிட்டன.

"நம்பவே முடியலைடி சொர்ணம்," என்றாள் என்னிடம், முழுக்க நம்பிய முகத்தோடு. "ஆத்துல ஒக்காந்துண்டு எழுதற பரீட்சை. அதுக்குப் போய் பிட்டா?"

எனக்குக் கோபம் வந்தது. பிட்டு விஷயத்துக்காக மட்டும் என்று சொல்ல மாட்டேன். இரண்டாம் மாடியில் தஹ்சீன் வீட்டுக் கதவும் என் வீட்டுக் கதவும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. அவளைப் பற்றி இந்தக் கட்டடத்தில் எது வெளியே போனாலும் என் வழியாகப் போவதுதான் முறை. ஒரு மோட்டார் சுவிட்சை வைத்துக்கொண்டு மாமி முந்திவிட்டாள்.

எங்கள் கட்டடம் மயிலாப்பூர் முடிந்து ராயப்பேட்டை ஆரம்பிக்கும் சந்தில் இருக்கிறது. மாமி கல்யாணப் பத்திரிகைகளில் மயிலாப்பூர் என்றே போடச் சொல்வாள். கூரியர் பையன்களுக்கு அது ராயப்பேட்டைதான். அது கிடக்கட்டும்.

நான் நேராக எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். தஹ்சீன் சோபாவில் லேப்டாப்பை மூடி வைத்துக்கொண்டு, அதன் மேல் இரண்டு கையையும் வைத்திருந்தாள், உள்ளே இருப்பது ஓடிவிடும் போல.

"பிட்டா?" என்றேன்.

"என்ன பிட்டு அக்கா?"

"அப்போ எதுக்கு நிறுத்தினாங்க?"

அவள் தன் வாயைத் தொட்டுக் காட்டினாள். "இது அசைஞ்சுதாம்."

விஷயம் இதுதான். தஹ்சீன் கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தவள். மாமியார் படுக்கையில் விழுந்தபோது வேலையை விட்டாள். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு திரும்ப வேலை தேடினால், எல்லோரும் மரியாதையாகப் பேசி, "இவ்வளவு வருஷம் என்ன செஞ்சீங்க?" என்ற இடத்தில் போனை வைத்தார்கள். பெருங்குடியில் ஒரு கம்பெனியில் மாளவிகா என்று பழைய சிநேகிதி. அவள்தான் சொல்லியிருந்தாள்: "கிளவுட் டேட்டா வேர்ஹவுஸ் சர்டிபிகேட் ஒண்ணு இருக்கு, ஏபிஐ பத்தின பரீட்சை. அதைக் கையில வெச்சுக்கிட்டு வா, ஒண்ணாம் தேதி சேர்ந்துடலாம். இல்லாட்டி அந்த இடத்தை என்னால பிடிச்சு வைக்க முடியாதுடி."

கிளவுட் டேட்டா வேர்ஹவுஸ் என்றால் என்ன என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். பெரிய பெரிய கம்பெனிகள் தங்கள் கணக்கு வழக்குகளை எல்லாம் எங்கோ இருக்கிற ஒரு மகா குடோனில் போட்டு வைக்கின்றன. குடோனுக்குள் நாம் போக முடியாது. வாசலில் நின்று, கேட்கவேண்டிய முறையில் கேட்டால் உள்ளேயிருந்து எடுத்துத் தருவார்கள். அந்தக் கேட்கும் முறைக்குப் பெயர் ஏபிஐ, எழுதிக் கொடுக்கிற கேள்விக்குப் பெயர் ஸ்டேட்மென்ட். முறை தப்பினால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். நம் ரேஷன் கடை மாதிரி என்றேன். "அவ்வளவு மோசமில்லை அக்கா," என்றாள்.

இதை எல்லாம் அவள் கரைத்துக் குடித்திருந்தாள். எனக்கே தெரியும், ஏனென்றால் அவள் குடித்தது வாய்விட்டு. பள்ளிக்கூட நாளிலிருந்தே அப்படித்தான். பாத்திரம் தேய்த்தாலும், துணி உலர்த்தினாலும், "ஸ்டேட்மென்ட்டை போஸ்ட் பண்ணு, ஹேண்டிலை வாங்கு, ஹேண்டிலை வெச்சு கெட் பண்ணு" என்று ஓதிக்கொண்டே இருப்பாள். மெதுவாகப் படி என்றால் சத்தம் நிற்கும், உதடு நிற்காது. கோட்டூர்புரம் பெரிய நூலகத்துக்குப் போய்ப் படித்துப் பார்த்தாள். பக்கத்து நாற்காலியில் ஐஏஎஸ் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பெண், "அக்கா, நீங்க முணுமுணுக்கிறது எனக்கு மனப்பாடம் ஆகுது, என்னோடது மறந்து போகுது" என்று கையெடுத்துக் கும்பிட்டாளாம்.

பரீட்சை வீட்டிலிருந்தே எழுதலாம். ஆனால் கேமரா வழியாக எங்கோ ஓர் ஊரில் ஒரு கண்காணிப்பாளர் பார்த்துக்கொண்டே இருப்பார். அறையில் ஆள் கூடாது, மேஜையில் ஒரு துண்டுக் காகிதம் கூடாது, கேள்வியை வாய்விட்டுப் படிக்கக் கூடாது, உதடு அசையவே கூடாது. யாருக்காவது படித்துக் காட்டுகிறார்கள் என்று அர்த்தமாம். ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு செய்தி வந்தது: 'தயவுசெய்து உதட்டை அசைக்காதீர்கள்.'

"படிச்சேன் அக்கா," என்றாள் தஹ்சீன்.

"எப்படிப் படிச்சே?"

அவள் மறுபடியும் வாயைத் தொட்டுக் காட்டினாள். அந்த எச்சரிக்கையையும் உதட்டை அசைத்தே படித்திருக்கிறாள். பரீட்சையை அங்கேயே மூடிவிட்டார்கள்.

நான் உடனே படியிறங்கி மாமியிடம் பிட்டைத் திரும்ப வாங்கினேன். மாமிக்கு ஏமாற்றம்தான். ஆனால் இந்தப் புது விஷயம் அதைவிட ருசியாக இருந்ததால் சீக்கிரம் சமாதானமானாள்.

ஃபைசானுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கார் சீட் கவர் கடை. வாடிக்கையாளருக்கு ஒரு வரி எழுதச் சொன்னால் வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் அனுப்புகிற ஆள். அவன் உட்கார்ந்து, மனைவி காப்பியடிக்கவில்லை, உதடுதான் அவளுக்கு அப்படி என்று நீளமாக மெயில் எழுதினான். மாளவிகாவும் எழுதினாள். பரீட்சைக்காரர்கள் இரங்கி இன்னொரு தேதி கொடுத்தார்கள், ஒரு வரியையும் சேர்த்து: மறுபடியும் அப்படி நடந்தால் ஒரு வருஷத்துக்கு எழுத முடியாது. நேரில் போய் எழுதும் சென்டரில் மாசக் கடைசி வரை இடமில்லை. ஆக, ஒண்ணாம் தேதி பெருங்குடி ஆபீஸில் தஹ்சீன் உட்காருவாளா என்பது அவளுடைய இரண்டு உதட்டின் கையில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டு ஹாலில் ஒத்திகை வைத்தோம். ஃபைசான் தன் போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துக் கேமரா ஆக்கினான். நான், மாமி, அப்புறம் நொச்சிக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் குப்பம்மா. குப்பம்மா எங்கள் கட்டடத்தில் மீன் விற்க வருகிறாளா, செய்தி வாங்க வருகிறாளா என்பது இன்னும் முடிவாகாத வழக்கு. மீன் அன்னக்கூடையைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். மாமி புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டாள். ஆனால் எழுந்து போகவில்லை.

தஹ்சீன் எல்லா வைத்தியமும் செய்து பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டால் பல்வலிக்காரி மாதிரி இருந்தது. வாயில் கிராம்பு அடக்கிக்கொள்ளச் சொன்னேன். எதையும் மெல்லக் கூடாதாம். மாஸ்க் போடட்டுமே என்றாள் குப்பம்மா. முகம் முழுக்கத் தெரிய வேண்டுமாம்.

"இதெல்லாம் என்னத்துக்கு?" என்றாள் மாமி. "ஜபத்துல மூணு தரம் உண்டு. வாய்விட்டுச் சொல்றது கடைசி. உதடு மட்டும் அசையறது நடுவாந்தரம். மனசுக்குள்ளயே சொல்லிண்டு போறதுதான் ஒசத்தி. நேக்குக் கல்யாணமான நாள்லேர்ந்து மனசுக்குள்ளதான். கொழந்தே, நன்னா பார்த்துக்கோ."

"எங்கள்லயும் அல்லா பேரை மனசுக்குள்ள ஓதற திக்ரு உண்டு மாமி," என்றாள் தஹ்சீன் பாவமாக. "எனக்கு அதுவும் வாயிலதான் வரும்."

மாமி கேமரா முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஃபைசான் அவள் கையில் அன்றைய பேப்பரைக் கொடுத்தான். மாமி ஒரு பத்தி படித்து முடித்து, "பார்த்தேளா?" என்று வெற்றியோடு திரும்பினாள். ஃபைசான் வீடியோவைப் போட்டுக் காட்டினான். திரையில் மாமியின் வாய் திறந்து மூடி, திறந்து மூடி, ஓயவே இல்லை.

குப்பம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னா மாமி, என் கூடையில கீற சங்கராவும் இப்டித்தான் பண்ணிக்கினு இருந்துச்சு, காலைல."

"சிவ சிவா! என்னைப் போய் எதோட சேர்க்கறா பாரு!"

"மீனு இன்னா உன்ன மாரி பேப்பரா படிச்சுது? அது மூச்சு வுட்டுச்சு."

அடுத்து நான் உட்கார்ந்தேன். ஃபைசான் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சொர்ணாக்கா, நான் இன்னும் பேப்பரே குடுக்கலை. அதுக்குள்ள அசையுது," என்றான். அவன் உட்கார்ந்தான், அவனுக்கும் அசைந்தது. இந்தக் கட்டடத்தில் வாயை மூடிக்கொண்டு படிக்கத் தெரிந்த ஜீவன் ஒன்றுகூட இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. எப்படி இருக்கும்? சத்தம் போட்டுப் படித்தால்தான் படிக்கிறோம் என்று நம்பும் பெற்றவர்கள் வளர்த்த பிள்ளைகள் நாங்கள். வாய் ஓய்ந்தால் சமையலறையிலிருந்து கரண்டி வரும்.

எல்லோரும் சிரித்தோம். தஹ்சீனும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுந்து உள்ளே போனவள் திரும்பி வரவில்லை. ஃபைசான் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அழுவுறா," என்றான். மாமிகூட மூக்கிலிருந்து தலைப்பை எடுத்துவிட்டாள்.

அதற்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ, தஹ்சீன் வீட்டு வாசலில் உட்கார்ந்து குப்பம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். தஹ்சீன் நிலைப்படியில், மடியில் லேப்டாப். நான் என் வாசலில், கையில் கீரை. குப்பம்மா தன் குப்பத்துக் கதை ஒன்று சொன்னாள்.

"நம்ம டயானா கீறா இல்ல, ராபர்ட்டு பொண்டாட்டி? அவ மாமியாரு புது பிரிட்ஜ்ஜு வாங்கி பூட்டு போட்டு வெச்சிக்கினா. சாவிய ஜாக்கெட்டுல சொருகிக்கினு மாதா கோயிலுக்குப் போய்ட்டா. இவ இன்னா பண்ணா தெரியுமா? பிரிட்ஜ்ஜோட பின்னால கீற ஒயரைப் புடுங்கி வுட்டுட்டா. கெய்வி வந்து தொறந்தா உள்ள வெச்சிருந்த நெத்திலி அம்புட்டும் கப்பு! 'யாரு புடுங்கினது'ன்றா. 'எனுக்கு இன்னா தெரியும், நீதான பூட்டிக்கினு போன'ன்றா இவ."

கதையை நானும் ரசித்தேன். ஆனால் என் கண் தஹ்சீன் மேல் இருந்தது. அவள் குப்பம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள், தலையை ஒரு பக்கம் சாய்த்து, புருவத்தைத் தூக்கி. உதடு அசையவில்லை. ஒரு துளி அசையவில்லை. கல்லில் செதுக்கியது மாதிரி இருந்தது.

"தஹ்சீன், டயானா என்ன பண்ணினா, சொல்லு பார்ப்போம்," என்றேன்.

நெத்திலி உட்பட அத்தனையும் ஒரு சொல் மாறாமல் ஒப்பித்தாள்.

"இதை எப்போ மனப்பாடம் பண்ணே?"

"இதை எதுக்கு அக்கா மனப்பாடம் பண்ணணும்? கேட்டேன், அவ்ளோதான்..." பாதியில் நிறுத்தினாள். அவளுக்கும் உறைத்துவிட்டது.

படிக்கும்போதுதான் வாய் அசைகிறது. அடுத்தவள் ஊர்வம்பு சொல்லும்போது எவள் வாயும் அசைவதில்லை. வாயை அசைத்தால் ஒரு வார்த்தை தப்பிவிடும். நான் இத்தனை வருஷம் செய்துவந்த காரியத்துக்கு இப்படி ஒரு பிரயோஜனம் இருக்கும் என்று யார் கண்டது! "இனிமே நீ கேள்வியைப் படிக்காதே," என்றேன். "கேளு. மாமி வந்து உன் காதுல சொல்றான்னு நினைச்சுக்கோ. இல்லாட்டி நான் சொல்றேன்னு நினைச்சுக்கோ."

"கேள்வி எல்லாம் ஸ்டேட்மென்ட் ஹேண்டில் பத்தி வரும் அக்கா. அதை நீங்க எப்படிச் சொல்வீங்க?"

"நீ முதல்ல எனக்குச் சொல்லு. அதை வம்பு சொல்ற மாதிரி நான் திருப்பிச் சொல்றேன்."

அன்றிலிருந்து எங்கள் மாடிப்படியில் ஏபிஐ வகுப்பு நடந்தது. அவள் பாடத்தைச் சொல்வாள். நாங்கள் அதை வம்பாக மாற்றித் திரும்பக் கொடுப்போம். அவள் வாயை மூடிக்கொண்டு கேட்பாள். ஃபைசான் போனைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கவனிப்பான்.

"குடோன்காரன்கிட்ட பெரிசா ஒண்ணு கேட்டா உடனே தர மாட்டான் அக்கா. 'வாங்கிக்கிட்டேன், வேலை நடக்குது'ன்னு ஒரு எண் சொல்வான், இருநூத்தி ரெண்டு. கூடவே ஒரு ஹேண்டில் குடுப்பான். அப்புறம் போய் அந்த ஹேண்டிலைக் காட்டிக் கேக்கணும்."

"இது தெரியாதா?" என்றாள் குப்பம்மா. "நான் ஏவாரத்துக்குப் போற அவசரத்துல கீறேன். நீ 'இன்னா சேதி'ன்ற. 'கீது கீது, அப்பால வா, டயானா மேட்டருன்னு கேளு'ன்றேன். சும்மா வந்து நின்னா எந்தக் கதைய நான் சொல்றது? டயானான்னு சொன்னாதான அந்தக் கதை வரும்?"

தஹ்சீன் துள்ளிவிட்டாள். "அதான், அதான் ஹேண்டில்!"

"உதடு!" என்று கத்தினான் ஃபைசான்.

பதில் ரொம்பப் பெரிதாக இருந்தால் குடோன்காரன் துண்டு துண்டாகத் தருவானாம். முதல் துண்டோடு மொத்தம் எத்தனை துண்டு என்றும் சொல்வானாம். அது காமாக்ஷி மாமியின் நாத்தனார் பெண் கல்யாணக் கதை. மாமி அதை ஒரே மூச்சில் சொன்னதே இல்லை. நிச்சயதார்த்தம் ஒரு நாள், ஜானவாச ஊர்வலத்துச் சண்டை ஒரு நாள், சம்பந்தி சாப்பாட்டில் கோபித்துக்கொண்டு எழுந்தது இன்னொரு நாள். எந்த நாள் வேண்டுமோ அதைக் கேட்டு வாங்க வேண்டும். நிறுத்தாமல் நச்சரித்தால், "தொணதொணங்காதே, சித்த நேரம் கழிச்சு வா" என்பாள். அதற்கும் குடோனில் ஓர் எண் உண்டாம், நானூற்று இருபத்தொன்பது. மாமிக்கு அந்த எண் ரொம்பப் பிடித்துப் போனது. காய்கறிக்காரர் பெல் அடித்தால்கூட, "நானூத்தி இருபத்தொம்போது!" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

ஒன்றே ஒன்றில்தான் தஹ்சீன் திரும்பத் திரும்ப இடறினாள். கேட்ட பிறகு லைன் அறுந்துபோனால், அதே அடையாள எண்ணோடு, திரும்பக் கேட்கிறேன் என்றும் சொல்லிக் கேட்க வேண்டும். அப்போது ஏற்கெனவே செய்து முடித்த வேலையைக் குடோன்காரன் இரண்டாம் முறை செய்ய மாட்டான். "ஏன் செய்ய மாட்டான், எப்படித் தெரியும் அவனுக்கு, இதுதான் எனக்கு நிக்கவே மாட்டேங்குது," என்றாள்.

"மூணாம் மாடிப் பொண்ணு போன வருஷம் ஓடிப்போனாளே," என்றேன்.

"ஆமா."

"அதை நான் உனக்கு ரெண்டு தரம் சொன்னேன். அதுக்காக அவ ரெண்டு தரமா ஓடிப்போனா? 'அக்கா, இது அதே ஓட்டம்தானே'ன்னு நீ கண்டுபிடிக்கலை?"

தஹ்சீன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஃபைசான் போனிலிருந்து கண்ணெடுத்து என்னைப் பார்த்து, கட்டைவிரலை உயர்த்தினான்.

பரீட்சை அன்றைக்கு மாமி மோட்டார் போடவில்லை. நான் மிக்ஸியைத் தொடவில்லை. குப்பம்மா சந்து முனையிலேயே கூவலை நிறுத்திவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாடியேறி வந்தாள். தஹ்சீன் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டாள். கடையைத் திறக்காத ஃபைசானும் நாங்கள் மூவரும் படிக்கட்டில் உட்கார்ந்தோம். பேசக் கூடாது என்று முடிவு. யோசித்துப் பாருங்கள்: என்னையும் மாமியையும் குப்பம்மாவையும் ஒரே படிக்கட்டில் உட்கார வைத்து, சத்தமில்லாமல். அதைப் பார்த்தால் உள்ளே நடந்தது லேசான பரீட்சை என்பேன். மாமி கண்ணை மூடிக்கொண்டு தஹ்சீனுக்காக மனசுக்குள் ஜபித்தாள். அதாவது, உதட்டால் ஜபித்தாள். குப்பம்மா என்னை இடித்து அதைக் காட்டினாள். நான் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டேன்.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. முன்பு நிறுத்திய நேரம் தாண்டிவிட்டது என்று ஃபைசான் சைகை காட்டினான். அதற்கப்புறம்தான் பயம் அதிகமானது. அவன் கைக்கடிகாரத்தைக் கழற்றினான், கட்டினான், மறுபடி கழற்றினான். மாமி தன் தண்ணீர் சொம்பை அவனிடம் நீட்டினாள். அவன் குடித்துவிட்டுக் கொடுத்ததை அவள் துடைக்காமலே வாங்கி வைத்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. தஹ்சீன் நின்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"பாஸ்," என்றாள்.

ஃபைசான் கைக்கடிகாரத்தைப் படியிலேயே விட்டுவிட்டு எழுந்தான். குப்பம்மா அவள் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் நெட்டி முறித்தாள். மீன் கை. மாமி பார்த்தாள், தலைப்பு மூக்குக்குப் போகவில்லை.

"நடுவுல ஒரு செய்தி வந்துச்சு அக்கா," என்றாள் தஹ்சீன். இப்போதுதான் அவளுக்கு மூச்சு வாங்கியது. "உயிரே போயிடுச்சு. உதடுதான்னு நினைச்சேன். பார்த்தா, 'உங்கள் முகம் கேமராவுக்கு வெளியே போகிறது, நேராக உட்காருங்கள்'னு இருக்கு. மாமி பேசற மாதிரியே கேட்டுக்கிட்டிருந்தேனா, அப்படியே காதைக் குடுத்து ஒரு பக்கமா சாஞ்சிருக்கேன்!"

"என் குரலா கேட்டுது?" மாமிக்கு முகம் மலர்ந்தது. "எந்தக் கேள்விக்கு?"

தஹ்சீன் வாயை மூடிக்கொண்டாள்.

"சொல்லேண்டி, எந்தக் கேள்விக்கு?"

"சொல்லக் கூடாது மாமி. ஒரு கேள்வியையும் வெளியில சொல்ல மாட்டேன்னு ஒத்துக்கிட்டாதான் பரீட்சையே ஆரம்பிப்பாங்க."

நாங்கள் அவளைப் பார்த்தோம்.

"எங்ககிட்டயுமா?" என்றேன்.

"யார்கிட்டயும்."

"உன் புருசனாண்டயுமா?" என்றாள் குப்பம்மா.

"அவர்கிட்டயும்தான்."

"ஓடிப்போன பொண்ணு வந்தாளா, அதையாவது சொல்லு," என்றேன். "ஆமான்னா தலையை ஆட்டு."

தஹ்சீன் ஆட்டவில்லை. நாங்கள் சொல்லிக் கொடுத்த வித்தையை எங்கள் மேலேயே காட்டினாள். வம்பே மூச்சாக வாழ்கிற மூன்று பெண்கள் மத்தியில் நின்று, ஓர் உலக மகா ரகசியத்தை வைத்துக்கொண்டு, உதடு அசையாமல் சிரித்தாள். கோபம் வரத்தான் செய்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் கோபப்பட முடியும்?

அவள் போன் அடித்தது. மாளவிகா. தஹ்சீன் எங்கள் முன்னாலேயே எடுத்துப் பேச ஆரம்பித்தாள். அது வரைக்கும் நாங்கள் கேட்டிராத குரல். வேகமான இங்கிலீஷ், நடுநடுவே சிரிப்பு, எதற்கோ மறுப்பு, எதற்கோ யோசனை. மாமியார் கட்டிலுக்குப் பக்கத்தில் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தவள் குரலில் இப்படி ஓர் அதிகாரம் இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஃபைசானுக்குத் தெரிந்திருந்தது போல. தலையைக் குனிந்துகொண்டு கண்ணைத் துடைத்தான்.

"இன்னாக்கா பேசறா?" என்று என் காதில் கேட்டாள் குப்பம்மா.

"ஒண்ணாம் தேதி வரேங்கறா. அது மட்டும்தான் புரிஞ்சுது."

"அப்ப கிளம்பலாமா? மீனு கெட்டுப் பூடும்."

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கதவு திறந்துதான் கிடந்தது, அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.